மூச்சடக்கிய நெல்

நடுவர் ஐயா அவர்களுக்கும், கோயில் கொடை முடிந்த களைப்பிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற சேரன்மகாதேவிப் பெரியவர்களுக்கும் வணக்கம். உயிரித் தொழில்நுட்பம் மண்ணை வாழவைக்குமா, வாட்டுமா என்பது தலைப்பு. வாழவைக்கும் என்பது எங்கள் கட்சி. எதிரணி அண்ணாச்சியோ, "மரபணுவில் கை வைத்தால் பாட்டன் விதை போய்விடும், கம்பெனிக்காரன் வாசலில் நிற்க வேண்டும்" என்று கண்கலங்கப் பேசிவிட்டு அமர்ந்திருக்கிறார்.

அண்ணாச்சி, 2023 டிசம்பர் 17, 18 ஞாபகம் இருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. தாமிரபரணி கரை மீறி, பிசானப் பருவத்து நெல்லை மூழ்கடித்தது. மூழ்கிய நெல் என்ன செய்யும்? மூச்சுக்குத் தவித்து, கைவசம் இருக்கிற சத்தையெல்லாம் செலவழித்து விறுவிறுவென்று உயரும். தண்ணீர் வடிந்ததும் நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். வரப்பில் நின்று அந்த வாடையைக் குடித்தவர்கள் இங்கேயே இருக்கிறீர்கள்.

ஒடிசாவில் பழைய நெல் ஒன்று உண்டு. வெள்ளத்துக்குள் அது உயராது, மூச்சடக்கிக் கிடக்கும். இரண்டு வாரம் ஆனாலும் தண்ணீர் வடிந்தபின் துளிர்க்கும். விளைச்சல்தான் சொற்பம். அந்தக் குணத்தைச் சுமக்கும் 'சப் 1' என்ற மரபணுப் பகுதியைக் கண்டுபிடித்து, நன்றாக விளையும் ஸ்வர்ணா நெல்லோடு கலந்தார்கள். நாற்று நாற்றாக இலை நுனியைக் கிள்ளி, அந்த மரபணு வந்திருக்கிறதா என்று சோதித்துப் பொறுக்கினார்கள். 2009-இல் ஸ்வர்ணா சப் 1 இந்திய வயலுக்கு வந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் நம் கோ 43 ரகத்திலும் அதைச் சேர்த்திருக்கிறது. அறுத்த நெல்லில் கொஞ்சம் குலுக்கையில் போட்டு வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை. கம்பெனி எங்கே வந்தது? அண்ணாச்சி அழுத பாட்டன் விதைதானே எங்கள் சாட்சி!

சரி, காய்ப்புழுவைக் கொல்ல பாக்டீரியா மரபணுவை ஏற்றிய பி.டி. பருத்தி? 2002-இல் வந்தது. விதையை வருஷா வருஷம் கடையில்தான் வாங்க வேண்டியிருக்கிறது. இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் அதைத் தின்னப் பழகிவிட்டது. ஒப்புக்கொள்கிறேன். ஒரு மாடு முட்டியதற்காகத் தொழுவத்தையே கொளுத்துவார்களா?

இன்னொன்று. சற்று முன் அண்ணாச்சி அல்வா சாப்பிட்டதைப் பார்த்தேன். அதற்கு முன்னால் பையிலிருந்து இன்சுலின் ஊசி எடுத்ததையும் பார்த்தேன். ஒரு காலத்தில் அதை மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தார்கள். மனித மரபணுவை பாக்டீரியாவில் ஏற்றித் தயாரித்த இன்சுலினுக்கு 1982-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஊசியில் வந்தால் மட்டும் மரபணு உங்களுக்கு ஆகுமா, அண்ணாச்சி? நடுவர் ஐயா, பதில் வரட்டும், நான் உட்கார்ந்துகொள்கிறேன்.