கோப்பு கை மாறும்போது

(பினாங்கில் சிறார் இல்லத் தொண்டர்கள் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத் தலைவர் அவர்களே, இல்லங்களில் பிள்ளைகளோடு இரவு பகலாக இருக்கும் அக்காமார்களே, வணக்கம்.

சிறார் கொடுமை என்றதும் நாம் சட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். 1990இல் கோலாலம்பூரில் இரண்டு வயதுப் பிள்ளை ஒன்று அடிபட்டு இறந்தது. மறு ஆண்டே சிறார் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு 2001இல் சிறார் சட்டம், 2016இல் அதற்குத் திருத்தம். புகார் சொல்ல 15999 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. மீட்ட பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. இருபத்தைந்தாவது மணி நேரத்தைப் பற்றிப் பேசத்தான் நான் வந்திருக்கிறேன்.

அந்த நேரத்திலிருந்து பிள்ளைக்குச் சட்டம் என்றால் அது ஓர் ஆள். சமூகநல இலாகா அதிகாரியாக இருக்கலாம், இல்லத்து வார்டனாக இருக்கலாம். அந்த ஆள் வேலையை விட்டுப் போனால் கோப்பு அடுத்தவர் கைக்குப் போகும். பிறப்புப் பத்திர நகல், போலீஸ் புகார், மருத்துவர் அறிக்கை, நீதிமன்ற உத்தரவு எல்லாம் அதில் ஒழுங்காக இருக்கும். விளக்கை அணைத்தால் பையன் தூங்க மாட்டான் என்பது இருக்காது. வீட்டு வாடகைக்கு மட்டும் ஒரு வழி பிறந்தால் பேரனை நானே வைத்துக்கொள்கிறேன் என்று பட்டர்வொர்த் பாட்டி வாசலில் நின்று சொன்னது இருக்காது. எந்தச் சித்தப்பா பலகாரத்தோடு வந்தால் இவன் கழிப்பறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறான் என்பது நிச்சயம் இருக்காது. புதிதாக வருபவர் நல்லவராகத்தான் இருப்பார். உட்காரவைத்து முதலிலிருந்து கேட்பார். மூன்றாவது ஆளும் வந்து கேட்கும்போது பிள்ளைகள் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். “ஃபைல்ல இருக்கு டீச்சர், பாருங்க.”

அமெரிக்காவில் மில்வாக்கியில் 2003, 2004ஆம் ஆண்டுகளில் அரசுப் பராமரிப்புக்கு வந்த பிள்ளைகளைப் பற்றி ஓர் ஆய்வு செய்தார்கள். கடைசிவரை ஒரே ஊழியரிடம் இருந்தவர்களில் 74.5 விழுக்காட்டினருக்கு நிலையான குடும்பம் அமைந்தது. இரண்டு பேர் பார்த்தவர்களில் 17.5 விழுக்காடுதான். மேடையில் முழங்க வசதியான எண். ஆனால் சிக்கலான வழக்கு இழுத்துக்கொண்டு போகும், இழுக்க இழுக்க ஆளும் மாறத்தான் செய்வார். எது எதனால் வந்தது என்பதை இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதற்காக இவ்வளவு பெரிய இடைவெளியைத் தள்ளிவிடவும் என்னால் முடியவில்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது 1998இல் சார்ல்ஸ் கிலிசனும் ஆந்தனி ஹெமல்கார்னும் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 32 சிறார் நல அலுவலகங்கள், 250 பிள்ளைகள், மூன்று ஆண்டுகள். பிள்ளைகள் எங்கே தேறினார்கள்? ஊழியர்களுக்குள் சச்சரவு இல்லாமல், ஒருவருக்கு ஒருவர் தோள் கொடுத்து, தன் வேலை எது என்று தெளிவாகத் தெரிந்திருந்த அலுவலகங்களில். துறைகளுக்கு இடையே ஒருங்கிணைப்பு கூடிய இடங்களிலோ சேவையின் தரம் குறைந்திருந்தது! நாம் எதற்கெடுத்தாலும் ஒருங்கிணைப்புக் குழு போடுகிறவர்கள்; கொஞ்சம் சங்கடமான செய்திதான். (சிரிப்பு)

அலுவலகச் சூழலுக்கும் பிள்ளையின் தூக்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காலையில் நீதிமன்றம், மதியம் பிறை நகரில் வீட்டு விசாரணை, இரவு அவசரத் தொலைபேசி என்று ஓடுகிற ஒரு பெண்ணிடம் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் “இதற்கு யார் பொறுப்பு?” என்று ஒரு தடவை அதட்டினால் போதும். மறுநாளிலிருந்து அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எழுதத் தொடங்குவார். படிவம் நிரம்பியிருக்கும், தேதி சரியாக இருக்கும். பாட்டியைப் பார்க்க இரண்டாவது முறை போவது எந்தப் படிவத்திலும் இல்லை, அதனால் போகமாட்டார். ஆறு மாதத்தில் வேறு வேலை தேடுவார். சம்பளம் காரணமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் சம்பளத்தை உயர்த்த இங்கிருக்கும் யாருக்கும் அதிகாரம் இல்லை. அதட்டுவதை நிறுத்த எல்லாருக்கும் இருக்கிறது.

சமூகப்பணிப் படிப்பு 1975இல் இதே பினாங்கில்தான், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. ஆள் தயாராகிறார், வருகிறார். நிற்கிறாரா?

நம் இல்லங்களின் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். அரிசி மூட்டை கொடுத்தவர் படம் இருக்கும், பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கும். அந்த ஆண்டில் எத்தனை அக்காமார் விலகினார்கள், ஏன் விலகினார்கள் என்று ஒரு வரி இருக்காது. அடுத்த பொதுக்கூட்டத்தில் அதைக் கேளுங்கள். செயலாளர் இதோ முன்வரிசையிலேயே இருக்கிறார். கணக்கெடுக்க அவருக்குப் போதிய அவகாசம் கொடுத்துவிட்டேன். நன்றி, வணக்கம்.