வாஷ்பேசின் அடியில ஒழுகுதா? டெஃப்லான் டேப்பைக் கீழ வைங்க!

[காட்சி: பேசின் அடிப்பக்கம், சொட்டுற தண்ணி]

வாஷ்பேசினை நீங்களே மாட்டியாச்சு. குழாயைத் திறந்தா தண்ணி வருது, சூப்பர். குனிஞ்சு பார்த்தா கீழயும் வருது! உடனே கை எங்க போகும்? மரையில சுத்துற வெள்ளை டெஃப்லான் டேப்புக்கு. கொஞ்சம் பொறுங்க.

பேசினுக்கு அடியில ரெண்டு விதமான ஜாயின்ட்தான் இருக்கு. ஒண்ணுல மரையே தண்ணியை அடைக்கணும், இன்னொண்ணுல ரப்பர் வாஷர் அடைக்கும். டெஃப்லான் முதல் வகைக்கு மட்டும்தான்.

சுவத்துக்குள்ள இருக்கிற எல்போல (பைப் வளைவு) ஏறுற ஆங்கிள் காக், அதாவது பேசினுக்குப் போற தண்ணியைத் திறந்து மூடுற சின்ன வால்வு, முதல் வகை. மரை நுனி உங்களைப் பார்த்து இருக்கட்டும், கடிகார முள் போற திசையில டெஃப்லானைப் பத்துப் பதினஞ்சு சுத்து சுத்துங்க. மாத்திச் சுத்தினா மாட்டும்போதே டேப் சுருண்டு வெளிய வந்துடும். டைல்ஸ் ஒட்டினதுல எல்போ உள்ள போயிடுச்சா? அரை இன்ச் எக்ஸ்டென்ஷன் நிப்பிள் (நீளம் கூட்டுற சின்ன மரைத் துண்டு) வாங்கிப் போடுங்க. ரெண்டே மரையில தொங்குற ஆங்கிள் காக் எப்ப வேணா கழண்டுக்கும். அதுக்காக ஸ்பேனர்ல தொங்காதீங்க. சிபிவிசி (பிளாஸ்டிக்) எல்போ சுவத்துக்குள்ள விரிசல் விட்டா, டைல்ஸ் உடைக்கிற செலவு தனி.

கனெக்‌ஷன் பைப், அதாவது ஆங்கிள் காக்ல இருந்து குழாய்க்குத் தண்ணி கொண்டு போறது, ரெண்டாவது வகை. நட்டுக்குள்ள வாஷர் இருக்கு. அதுக்கு மேல டெஃப்லான் சுத்துறது, செருப்புக்கு மேல சாக்ஸ் போடுற மாதிரி. கையால இறுக்கி, ஸ்பேனர்ல கால் சுத்து, போதும். மாட்டுறதுக்கு முன்னாடி ஆங்கிள் காக்குக்குக் கீழ பக்கெட் வச்சு அரை நிமிஷம் தண்ணியைத் திறந்து விடுங்க. மணலும் பைப் அறுத்த தூளும் வெளிய போயிடும். இல்லைன்னா அது குழாய் முனை வலையில போய் உக்காரும்.

இப்பதான் மெயின் மேட்டர்: வேஸ்ட் கப்ளிங், அதாவது பேசின் ஓட்டையில மாட்டுற, அழுக்குத் தண்ணி இறங்குற துண்டு. 32 மில்லிமீட்டர்னு கேட்டா கடைக்காரர் கையில கிடைச்சதை எடுத்துக் குடுத்துடுவார். ஆனா அதுல ஹாஃப் த்ரெட் (பாதி மரை), ஃபுல் த்ரெட் (முழு மரை)னு ரெண்டு இருக்கு!

[காட்சி: ரெண்டு கப்ளிங்கும் பக்கத்துல பக்கத்துல]

ஹாஃப் த்ரெட் கப்ளிங்ல பக்கவாட்டுல துளை இருக்கும், ஃபுல் த்ரெட்ல இருக்காது. பேசினோட மேல்பக்கம் ஓவர்ஃப்ளோ ஓட்டை (பேசின் நிரம்பி வழியாம இருக்க) இருந்தா, அதுல போற தண்ணி பேசின் சுவருக்குள்ளயே இறங்கி இந்தத் துளை வழியா வெளியேறும். அந்தப் பேசினுக்கு ஃபுல் த்ரெட் போட்டா ஓவர்ஃப்ளோ தண்ணிக்குப் போக வழியே இல்லை. உள்ளயே தேங்கி நாறும். டேபிள் டாப் பேசின் (மேடை மேல வைக்கிறது) நிறைய ஓவர்ஃப்ளோ இல்லாமத்தான் வருது. அதுக்கு ஹாஃப் த்ரெட் போட்டா, தண்ணி துளை வழியா கப்ளிங்குக்கு வெளிய வந்து, மரை வழியா நட்டுகிட்ட சொட்டும். எவ்ளோ இறுக்கினாலும் சொட்டும். பிளம்பரைத் திட்டுறதுக்கு முன்னாடி துளையைப் பாருங்க. இந்த வீடியோல இது ஒண்ணு ஞாபகம் இருந்தாலே லைக் போடலாம்!

மாட்டுற வரிசை: மேல விளிம்புக்கு அடியில மெல்லிசா சிலிக்கான், கீழ தடிமனான ரப்பர் வாஷர், பிளாஸ்டிக் வாஷர், அப்புறம் நட்டு. ஹாஃப் த்ரெட்னா ரப்பர் உக்கார்ற இடத்து மரையிலயும் சிலிக்கான் தடவுங்க. பீங்கான் பேசின், வெறிகொண்டு இறுக்கினா விரிசல் விட்டுடும்.

அடுத்து பாட்டில் ட்ராப், அதாவது கப்ளிங்குக்குக் கீழ மாட்டுற, கொஞ்சம் தண்ணியைத் தேக்கி நாத்தத்தைத் தடுக்கிற குடுவை: சாய்வு வாஷரோட ஒடுங்கின பக்கம் ட்ராப் உடம்பைப் பார்த்து இருக்கணும், கை இறுக்கமே போதும். ட்ராப்பே வேண்டாம்னு வேஸ்ட் பைப்பை நேரா சுவத்து ஓட்டையில சொருகினா, டிரெயினேஜ் நாத்தமும் கரப்பானும் வாடகை இல்லாம குடிவரும். 32 மில்லிமீட்டர் பைப்பு 50 மில்லிமீட்டர் ஓட்டையில லூசா ஆடும், நடுவுல ரப்பர் ரெட்யூசர் (இடைவெளியை அடைக்கிற வளையம்) போடுங்க. சுவத்து ஓட்டையை மூடுற பளபள வட்டம் அழகுக்கு மட்டும்.

டெஸ்ட்: பேசினை நிறைச்சு மொத்தமா திறந்து விடுங்க. ஒவ்வொரு ஜாயின்ட்டையும் காய்ஞ்ச டிஷ்யூவால தொட்டுப் பாருங்க. கண்ணுக்குத் தெரியாத கசிவு அதுல தெரியும். மேலருந்து ஆரம்பிங்க, ஏன்னா மேல கசியிற தண்ணி வழிஞ்சு கீழ் நட்டுலதான் சொட்டும், நல்ல ஜாயின்ட்டைப் போய்க் கழட்டுவீங்க.