கீழ்வானம் யார் கையில்?

நேயர்களுக்கு வணக்கம். கடலூர் தேவனாம்பட்டினத்தில் பிறந்து, விமானப்படையின் ரேடார் பிரிவில் 20 ஆண்டு வேலை பார்த்துவிட்டு, ஊருக்கே திரும்பி வந்தவன் நான். போர் விமானம் ஓட்டியதில்லை. ஓட்டுகிறவருக்கு எதிரே யார் வருகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் கருவி படுத்துவிட்டால், அதை எழுப்பி உட்காரவைப்பது என் வேலை. இன்று பேசச் சொன்ன தலைப்பு, வருங்காலப் போர்களில் வான் ஆதிக்கம். பெயர்தான் பெரிது. நம் விமானம் போகலாம், எதிரியின் விமானம் வர முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

வானத்துக்குப் போகும் முன் கொஞ்சம் கடலுக்குப் போய்விட்டு வருவோம். எங்கள் ஊர்க் கதை, சொல்லாமல் விட மனம் வராது.

புதுச்சேரி நேயர்கள் சுஃப்ரேன் வீதியிலும் புஸ்ஸி வீதியிலும் நடந்திருப்பீர்கள். கடற்படைத் தளபதி சுஃப்ரேன், தரைப்படைத் தளபதி புஸ்ஸி என்ற அந்த இரண்டு பிரெஞ்சுக்காரர்களும் 1783 ஜூன் மாதம் கடலூரில் கைகோத்தார்கள். புஸ்ஸி தன் படையோடு கடலூருக்குள் அடைபட்டுக் கிடக்கிறார். வெளியே ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட் முற்றுகை போட்டிருக்கிறார். ஸ்டூவர்ட்டுக்குச் சாப்பாடும் தளவாடமும் வருவது கடல் வழியாக. அந்தக் கடலைக் காப்பது ஹியூஸ் என்பவரின் 18 போர்க்கப்பல்கள். அந்த நேரம் சுஃப்ரேன் 15 கப்பல்களோடு வந்து சேர்கிறார். கப்பலில் ஆள் பற்றவில்லை. புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் கேட்கிறார். முற்றுகைக்குள் மாட்டிக்கொண்டிருப்பவரிடம் போய் ஆள் கடன்! புஸ்ஸியும் கொடுத்தார் பாருங்கள், எனக்கு இன்றைக்கும் அதுதான் ஆச்சரியம்.

ஜூன் 20ஆம் தேதி சில மணி நேரம் பீரங்கிச் சண்டை. இரண்டு பக்கமும் ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் ஹியூஸின் கப்பல்களில் குடிதண்ணீர் தட்டுப்பாடு, மாலுமிகளுக்கு ஸ்கர்வி நோய். பாயை விரித்துச் சென்னைக்குப் போய்விட்டார். சுஃப்ரேன் கடலூர்க் கரைக்கு வந்து, வாங்கிய கடனை வட்டியோடு இறக்கிவிட்டார். முற்றுகை போட்ட ஸ்டூவர்ட், பாவம், கரையில் தனியாக நின்றார். ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்ற செய்தி வந்து சேர்ந்ததால் பிழைத்தார்.

ஒரு கப்பலும் மூழ்கவில்லை என்பதை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன். எதிரியை அழிக்காமலே, வரவிடாமல் செய்து கரையின் கணக்கை மாற்றிவிட்டார்கள். அப்புறம், போன நூற்றாண்டில் கடலின் இடத்துக்கு வானமும் வந்தது. 1971 டிசம்பரில் டாக்காவின் தேஜ்காவ் ஓடுபாதையை நம் மிக்-21 விமானங்கள் குண்டு போட்டுக் குழியாக்கின. பறக்கத் தெம்பிருந்த பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களும் எழும்ப வழியில்லாமல் நின்றன.

உக்ரைனில் 2022இல் ரஷ்யாவும் அதைத்தான் எதிர்பார்த்தது. விமான எண்ணிக்கையில் பல மடங்கு பெரிய படை. உக்ரைன்காரர்கள் ஏவுகணை வண்டிகளை ஓரிடத்தில் நிறுத்தாமல் இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ரேடாரை வேண்டும்போது போட்டு, உடனே அணைத்து, வேறு ஊருக்குப் போய்விடுவது. கடைசியில் அடுத்தவர் பகுதிக்குள் விமானத்தோடு தாராளமாக நுழைய இரண்டு பக்கமும் தயங்கியது. ஹியூஸ் கதைதான் மறுபடியும்.

போர் விமானங்கள் பறக்கும் மேல்வானம் இப்படி இழுபறியில் நிற்க, தரையை ஒட்டிய கீழ்வானத்தில் வேறு கூட்டம் புகுந்துவிட்டது. டிரோன்.

இதைப் புரிந்துகொள்ள என் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும். சின்ன வயதில் கரையில் நிற்கும்போது, வருவது யார் படகு என்று அப்பா முதலில் சொல்லிவிடுவார். எனக்குப் பாயின் நுனி மட்டும் தெரியும், கட்டை தெரியாது. பூமி உருண்டை, கடல் வளைந்து மறைக்கிறது. கரையில் நிற்பவருக்கு அடிவானம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். ரேடாருக்கும் அதே பிழைப்பு. உயரத்தில் வரும் விமானத்தை 300 கிலோமீட்டர் தள்ளிப் பிடிக்கிற ரேடார், தென்னை மர உயரத்தில் வருவதை 30, 40 கிலோமீட்டருக்கு வந்த பிறகுதான் பார்க்கும். அதனால்தான் ரேடாரை விமானத்தின் முதுகில் ஏற்றிப் பறக்கவிடுகிறார்கள். நம்முடைய நேத்ரா அந்த வகை. பறக்கிற கலங்கரை விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரோன் தாழப் பறக்கும், சின்னது, மெதுவாகவும் போகும். ரேடாருக்குப் பறவையா டிரோனா என்று குழப்பம். போன மாசி மகத்தில் எங்கள் கரையில் ஒரு பையன் டிரோன் விட்டுப் படமெடுத்தான். நாங்கள் அண்ணாந்து தேடுவதற்குள் காக்கைகள் துரத்தத் தொடங்கிவிட்டன. நல்ல வான் பாதுகாப்பு!

சிரிக்க வேண்டாம். உக்ரைனில் கம்பங்களில் செல்போன் மைக்குகளைக் கட்டி, ரஷ்யா ஏவும் ஷாஹெத் டிரோன் வரும் சத்தத்தை ஊர் ஊராக ஒட்டுக்கேட்கிறார்கள். அதன் இரைச்சல் மொபெட் மாதிரி இருக்குமாம். ரேடார் வரும் முன் இங்கிலாந்துக் கடற்கரையில் விமானச் சத்தம் கேட்கக் காங்கிரீட்டில் பெரிய பெரிய காது கட்டி வைத்திருந்தார்கள். ரேடார் வந்ததும் கைவிட்டார்கள். வாழ்நாளெல்லாம் ரேடாரோடு கிடந்தவன் நான், காது திரும்பி வந்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

விலையையும் பாருங்கள். வானில் வருவதைச் சுட்டு வீழ்த்தும் ஒரு பேட்ரியாட் ஏவுகணை ஏறத்தாழ 40 லட்சம் டாலர். ஷாஹெத் சில பத்தாயிரம் டாலர். கொசுவை அடிக்கத் தங்க மட்டை. 1967இல் எகிப்து விமானங்களைத் தரையிலேயே நொறுக்க இஸ்ரேல் தன் விமானப்படையை ஏறத்தாழ முழுவதுமாகக் கிளப்ப வேண்டியிருந்தது. 2025 ஜூன் 1 அன்று உக்ரைன் லாரிகளில் ஒளித்து வைத்த 117 டிரோன்களை வைத்து ரஷ்யாவின் குண்டுவீச்சு விமானங்களைத் தளத்திலேயே கொளுத்தியது.

போர் விமானம் ஒழிந்ததா என்றால், இல்லை. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் சுகோய்-30 அணியை, பிரம்மோஸ் ஏவுகணையோடு, சும்மா கொண்டுவந்து வைக்கவில்லை. வங்கக் கடலில் மேல்வானத்துக்கு அதுதான் வேண்டும். ஆனால் மேல்வானத்தைப் பிடித்தால் கீழ்வானம் தானாக வந்துவிடும் என்று இனி யாரும் நம்ப முடியாது. இரண்டையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும், அதுவும் சில மணி நேரத்துக்கு, சில மைல் அகலத்துக்கு மட்டும் என்கிற நிலைமைதான் வரப்போகிறது.

விமானியோடு கூடவே பறக்கும் ஆளில்லா விமானம் பற்றிக் குறிப்பெடுத்து வந்தேன். சுஃப்ரேன் அந்த நேரத்தைத் தின்றுவிட்டார். லேசர் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 2025 ஏப்ரலில் கர்னூல் பக்கம் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 30 கிலோவாட் லேசரால் டிரோனைச் சுட்டுக் காட்டியது. ஏவுகணைச் செலவு மிச்சம். ஆனால் நம் ஊர் ஐப்பசி மழையில் அந்த ஒளி எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பேசத்தான் எனக்கு ஆசை. கடிகாரம் விடமாட்டேன் என்கிறது. வணக்கம்.