மூணு சீட்டில் சீக்வென்ஸ் பெரிது, போக்கரில் ஃப்ளஷ் பெரிது: ஏன்?

அடுத்த கேள்வி. நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “வீட்டில் மூணு சீட்டு ஆடிப் பழகியவன் நான். அதில் வரிசையாக வரும் சீக்வென்ஸ், ஒரே சின்னமாக வரும் கலரை ஜெயிக்கும். போக்கரில் மட்டும் கலர், அதாவது ஃப்ளஷ், எப்படி மேலே போனது? ஏஸை எந்தப் பக்கம் சேர்ப்பது?”

மூணு சீட்டிலிருந்து போக்கருக்கு வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். மனப்பாடம் செய்யாதீர்கள், காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். எது அரிதாக வருமோ அதுதான் பெரிய கை.

சரி, எண்ணிப் பார்ப்போம். போக்கரில் ஒரு கை என்றால் ஐந்து சீட்டு. 52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க 25,98,960 வழிகள் இருக்கின்றன. அதில் ஐந்தும் இஸ்பேடு, இல்லை ஐந்தும் டைமன் என்று ஒரே சின்னமாக வரும் ஃப்ளஷ் 5,108 விதம்தான். சின்னம் கலந்து 5, 6, 7, 8, 9 மாதிரி வரிசையாக வரும் ஸ்ட்ரெய்ட், அதாவது நம் சீக்வென்ஸ், 10,200 விதம். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு! சின்னமும் வரிசையும் சேர்ந்தே வரும் ஸ்ட்ரெய்ட் ஃப்ளஷ்ஷை இரண்டிலுமே கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இப்போது மூணு சீட்டுக்கு வாருங்கள். அங்கே கலர் 1,096 விதம், சீக்வென்ஸ் வெறும் 720. மூன்று சீட்டு ஒரே சின்னமாக அமைந்துவிடும். நாலாவதும் ஐந்தாவதும் அதே சின்னமாக வரவேண்டும் என்னும்போதுதான் கஷ்டம். எனக்கு இந்த ஆட்டத்தில் ரொம்பப் பிடித்த இடமே இதுதான். ஒரே சீட்டுக்கட்டு, இரண்டு சீட்டு கூடினதும் பெரியது சின்னதாகிவிடுகிறது. மூணு சீட்டு இந்தக் கணக்கை மீறுகிற இடமும் ஒன்று உண்டு: மூன்றும் ஒரே எண்ணாகவோ ஒரே படமாகவோ வரும் ட்ரெயில் 52 விதம், ஒரே சின்னத்தில் வரிசையாக வரும் ப்யூர் சீக்வென்ஸ் 48 விதம், ஆனாலும் ட்ரெயிலைத்தான் மேலே வைத்திருக்கிறோம்.

டெக்சாஸ் ஹோல்டம் என்னும் போக்கர் வகையில் உங்கள் கையில் இரண்டு, நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து. அந்த ஏழிலிருந்து நல்ல ஐந்தை எடுக்கிறீர்கள். அப்போதும் ஃப்ளஷ்தான் அரிது: அது நூற்றுக்குச் சுமார் 3, ஸ்ட்ரெய்ட் சுமார் 4.6.

அப்புறம் ஏஸ். போக்கரில் அது இரண்டு பக்கமும் சேரும். 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்றால் எல்லாவற்றிலும் பெரிய ஸ்ட்ரெய்ட். ஏஸ், 2, 3, 4, 5 என்றால் எல்லாவற்றிலும் சின்னது. நம் வீடுகளில் ஏஸ், 2, 3-ஐ இரண்டாவது பெரிய சீக்வென்ஸாக வைத்து ஆடுவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். ராணி, ராஜா, ஏஸ், 2, 3 என்று சுற்றிப்போகிற ஸ்ட்ரெய்ட்டும் கிடையாது.