காருக்கு அடியில் கேட்கும் கிலுகிலுப்பு

வணக்கம் நேயர்களே. காலைக் குளிரில் காரை ஸ்டார்ட் பண்ணியதும் அடியிலிருந்து கிணுகிணுவென்று ஒரு தகரச் சத்தம் வரும். கொஞ்ச தூரம் ஓடினதும் அடங்கும். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் மறுபடி வந்துவிடும். கராஜுக்குக் கொண்டுபோனால் "கன்வேர்ட்டர் உடைஞ்சிருச்சு, மாத்தணும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எஞ்சின் புகையிலுள்ள நச்சைச் சுத்தமாக்கும், பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய சாமான் அது, விலை சும்மாவா இருக்கும்? அதனால் காசை எண்ணுவதற்கு முன்னால், சத்தம் போடுவது கன்வேர்ட்டர்தானா என்று பார்த்துவிட வேண்டும். அநேகமாக அது இல்லை. அதைச் சுற்றியிருக்கும் வெப்பத் தகடு, கராஜ்காரர்கள் ஹீட் ஷீல்ட் என்கிறார்களே, அதுதான்.

கேட்டலிட்டிக் கன்வேர்ட்டருக்குள் இருப்பது தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான் கட்டி. ஒரு சதுர அங்குலத்தில் சாதாரணமாக 400 துளைகள். துளைக்குத் துளை இருக்கும் சுவரின் தடிப்பு 0.2 மில்லிமீற்றரை விடக் குறைவு. அந்தக் கட்டியைச் சுற்றி நார்ப் பாய் ஒன்று, அதற்கு வெளியே துருப்பிடிக்காத இரும்புக் கூடு. கூட்டுக்கும் வெளியே, விரல் நுழையும் இடைவெளி விட்டு, மெல்லிய தகடு ஒன்று போர்த்தியிருக்கும். அதுதான் ஹீட் ஷீல்ட்.

மலையகத்தில் மழையும் பனியும் சேற்றுத் தண்ணீரும் அந்தத் தகட்டைத்தான் முதலில் தின்னும். அடியில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பொல்ட்டின் தலை அப்படியே இருக்கும். அதைச் சுற்றியிருந்த தகடு மட்டும் துருப்பிடித்து உதிர்ந்து, துளை பெருத்து, பொல்ட் தலையைத் தாண்டித் தகடு கழன்றுவிடும் அளவுக்கு வந்திருக்கும். பிடி விட்ட தகடு எஞ்சினின் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் அதிரும். ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கும்போது ஓர் இடத்தில் சத்தம் வந்து, அதைத் தாண்டியதும் நின்றுவிட்டால் முதலில் தகட்டைச் சந்தேகப்படுங்கள்.

சோதிப்பதற்கு எஞ்சினை நிறுத்தி இரண்டு மணித்தியாலமாவது ஆற விடுங்கள். ஓடி வந்த கன்வேர்ட்டர் பல நூறு பாகை சூட்டில் இருக்கும், தொட்டால் தோல் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். இன்னொன்று, நம் பக்கத்தில் சமதரை கிடைப்பது அரிது. லயத்துக்கு முன்னாலுள்ள சரிவில் ஜாக் வைத்து அடியில் படுக்கவே வேண்டாம். சமமான கொங்கிரீட் தரை, சக்கரங்களுக்குக் கட்டை, ஜாக் ஸ்டாண்ட் இரண்டு. இவை இல்லாவிட்டால் கராஜ் குழிதான் சரி.

ஆறினதும் ரப்பர் சுத்தியலால், அல்லது கைமுட்டியால், கன்வேர்ட்டரை லேசாகத் தட்டுங்கள். தகடு என்றால் கூர்மையான, ஓட்டைத் தகரச் சத்தம் வரும். அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்துத் தட்டினால் சத்தம் நின்றுவிடும். உள்ளே உடைந்திருந்தால் சத்தம் வேறு. பால்மா டின்னுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கினது போல, உள்ளேயிருந்து மந்தமாகக் கேட்கும், அழுத்திப் பிடித்தாலும் நிற்காது. அப்படியே பின்னால் போய் சைலன்சரையும் தட்டுங்கள், அதற்குள் இருக்கும் தடுப்புத் தகடு கழன்றாலும் இதே சத்தம்தான். குழாயைத் தாங்கும் ரப்பர்களையும் அசைத்துப் பாருங்கள். ஒன்று அறுந்தால் குழாய் வண்டியின் அடிப்பாகத்தில் இடிக்கும்.

தகடுதான் என்றால் வேலை சுலபம். துருப்பிடிக்காத ஹோஸ் கிளிப் இரண்டு போதும். ஒரு நூலால் கன்வேர்ட்டரைத் தகட்டோடு சேர்த்துச் சுற்றி அளந்து அந்த நீளத்தில் வாங்குங்கள். ஒரு கிளிப் எட்டாவிட்டால் இரண்டைக் கோர்த்து ஒன்றாக்கலாம். தகட்டின் முன்விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே ஒன்று, பின்விளிம்பிலும் அப்படியே ஒன்று. ஆட்டம் நிற்கும்வரை மட்டும் முறுக்குங்கள். தகடு கூட்டோடு ஒட்டும்படி நெரித்தால் நடுவிலிருக்கும் காற்றிடைவெளி போய்விடும், சூட்டைத் தடுப்பதே அந்தக் காற்றுத்தான். துளை மட்டும் பெருத்திருந்தால் பழைய பொல்ட்டுக்கே அகலமான இரும்பு வொஷர் போட்டு இறுக்கலாம். ஒட்டுப் பசை எதுவும் அந்தச் சூட்டில் நிற்காது.

சத்தம் போடுகிறதே என்று தகட்டைப் பிய்த்தெறிபவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வறட்சிக் காலத்தில் பண்டாரவளை, எல்ல, வெல்லவாய பக்கம் ரோட்டோரம் முழுக்கக் காய்ந்த மானாப்புல். மூடியில்லாத கன்வேர்ட்டரோடு அதன்மேல் வண்டியை நிறுத்தினால் புல் பற்றிக்கொள்ளும். ஒரு வண்டியில் தொடங்கும் தீ மலைச்சரிவு முழுக்க ஏறிவிடும்.

உள்ளே உடைந்திருந்தால் கதை வேறு. உடைந்த பீங்கானை ஒட்ட முடியாது. ஆனால் மாற்றுவதற்கு முன்னால், அடைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றத்தில் இழுவை குறைந்து, மூச்சுத் திணறுகிற மாதிரி எஞ்சின் தவித்தால் உடைந்த துண்டு வழியை மறித்திருக்கக்கூடும். கன்வேர்ட்டருக்கு முன்னால் புகைக்குழாயில் இருக்கும் ஒக்சிஜன் சென்சரை 22 மில்லிமீற்றர் சாவியால் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்துங்கள். ஐட்லிங்கில், அதாவது வண்டி நிற்க எஞ்சின் மட்டும் ஓடும்போது, ஒன்றரை பிஎஸ்ஐ அழுத்தத்துக்குள்ளும், நிமிடத்துக்கு 2500 சுற்றில் மூன்றுக்குள்ளும் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் அடைப்பு.

சில கராஜ்களில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுவையை அளக்கும் வெற்றிடமானி வைத்துப் பார்ப்பார்கள். அதில் மலைக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கடல்மட்டத்தில் ஐட்லிங்கில் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை காட்டுவது நல்ல எஞ்சின். உயரம் ஆயிரம் அடி கூடக் கூட ஏறத்தாழ ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 6,100 அடிக்கு மேல். அங்கே 12 காட்டினாலும் அது நோயில்லை. புத்தகத்திலுள்ள எண்ணை வைத்துக்கொண்டு நல்ல எஞ்சினைப் பிரித்துவிடாதீர்கள். 2500 சுற்றில் ஒரு நிமிடம் பிடித்திருங்கள். முள் படிப்படியாக இறங்கிக்கொண்டே போனால்தான் அடைப்பு என்று எடுக்க வேண்டும்.

சரி, பீங்கான் ஏன் உடைந்தது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் புதியதைப் போட்டால் அதுவும் உடையும். தோட்டத்து ரோட்டில் கல் அடித்திருக்கலாம், கூட்டில் குழி விழுந்திருந்தால் அதுதான் காரணம். சூடாக ஓடி வந்த வண்டியைத் தண்ணீரில் இறக்கினாலும் பீங்கானில் வெடிப்பு விழும். ஆனால் அதிகம் கெடுப்பது எரியாத பெற்றோல். பிளக்கோ கொயிலோ பழுதாகி ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அந்தப் பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. 1,400 பாகையைத் தாண்டினால் பீங்கானே உருகும். அதனால்தான் செக் எஞ்சின் விளக்கு நிலையாக எரிவதற்கும் மினுங்குவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மினுங்கினால் எரியாத பெற்றோல் கன்வேர்ட்டருக்குள் போகிறது என்று அர்த்தம். ரம்பொடை ஏற்றத்தில் அது மினுங்கினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். பற்றரி இறங்கிய வண்டியை இறக்கத்தில் உருட்டி, பல தடவை கியரில் விட்டு ஸ்டார்ட் பண்ணும் பழக்கமும் இதே கெடுதலைச் செய்யும். ஒயில் குடிக்கும் எஞ்சின், கூலன்ட் கசியும் கெஸ்கட், இவற்றையும் முதலில் சரிசெய்யுங்கள்.

"உள்ளே குடைந்து எடுத்துவிட்டு வெறும் கூட்டைப் பூட்டலாம்" என்று யாராவது சொல்வார்கள். சத்தம் போகும், உண்மைதான். நச்சுப்புகை சுத்தமாகாமல் வெளியே வரும், புகைப் பரிசோதனையில் வண்டி மாட்டலாம், வருமான அனுமதிப்பத்திரமும் அதோடு தடைப்படும். குடையும்போது பறக்கும் நார்த்தூசி நுரையீரலுக்குக் கேடு.

கொழும்பு பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த கன்வேர்ட்டர் வாங்குவதானால் காதருகே வைத்துக் குலுக்குங்கள், ஒரு சின்னச் சத்தமும் வரக்கூடாது. ஒரு பக்கம் டோர்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். துளைகள் வரிசையாக ஒளிர வேண்டும். உருகி மூடிய இடமோ, ஒயில் கறுப்போ இருந்தால் வேண்டாம். உங்கள் எஞ்சினுக்கு உரியதுதானா என்று இலக்கத்தை ஒப்பிடுங்கள். பழையதைச் சும்மா கொடுத்துவிட வேண்டாம், உள்ளே இருக்கும் உலோகத்துக்கு விலை உண்டு.

பூட்டும்போது, குழாய் இணைப்பின் நடுவே கசிவை அடைக்க வைக்கும் பழைய கெஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். பொல்ட்டுகளுக்கு முதல்நாள் இரவே துரு இளக்கும் ஒயில் அடித்து வையுங்கள். பூட்டி முடித்து, எஞ்சின் குளிராக ஓடும்போதே புகைக்குழாய் வாயைத் தடித்த துணியால் சில வினாடி அடையுங்கள். இணைப்பில் 'உஸ்' என்று கேட்டால் கசிவு. நுவரெலியாக் குளிரில் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு ஓடுபவர்களுக்கு இந்தச் சோதனை உயிர் விஷயம், புகையிலுள்ள கார்பன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவுக்கு மணமே கிடையாது. புதிய கன்வேர்ட்டர் முதல் சூட்டில் லேசாகப் புகைந்து மணக்கும், பயப்பட வேண்டாம். 100 கிலோமீற்றர் ஓடினதும், ஆறவிட்டு, பொல்ட்டுகளை ஒருமுறை முறுக்கிப் பாருங்கள். இணைப்பைச் சுற்றிக் கரிக்கோடு விழுந்திருந்தால் அங்கே இன்னும் கசிகிறது, கெஸ்கட்டை மாற்றிப் பூட்ட வேண்டும்.