முன்னேர் போன வழி

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற கர்னல் ஐயா அவர்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, வாடகை வாங்காமல் இம்மண்டபத்தைத் திறந்துவிட்ட பெரியவர் அவர்களே, முதல் வரிசையில் அமர்ந்திருக்கும் வீரத்தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். கர்னல் ஐயாவின் முன்னிலையில் ஒரு ஹவில்தார் தலைமையைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதைப் போன்றதே. ஆயினும், "கீழே நின்று பார்த்தவன் சொல்லட்டும்" என்று அவரே பணித்ததால் துணிந்து நிற்கிறேன். ஐயா அவர்களுக்கும், சால்வை போர்த்திய செயலாளர் அவர்களுக்கும், ஒலிபெருக்கி அமைத்த தம்பிகளுக்கும் என் நன்றி.

சோறு, லீவு, பெயர் ஆகிய மூன்றினால்தான் ஒரு தலைவன் தன் படையின் நம்பிக்கையைப் பெறுகிறான் என்பது என் கருத்து. முன்னேர் போன வழியே பின்னேர் போகும் என்று நம் உழவர்கள் சொன்னதற்குமேல் எந்தப் பயிற்சிக் கல்லூரியும் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை.

முதலில் சோறு. இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் 14ஆம் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்லிம், முன்னணிப் பிரிவு ஏதேனும் அரை ரேஷனுக்கு வந்தால் தம் தலைமையகத்தையும் அரை ரேஷனில் வைத்தார். அதனால் மிச்சமான அரிசி சொற்பம்தான். ஆனால் பசித்த தலைமையக அதிகாரிகள் முன்னணிக்கு உணவு அனுப்பக் காட்டிய சுறுசுறுப்பு சொற்பமன்று. 1943இல் அங்கே காயம்பட்டு ஒருவர் பின்னுக்கு அனுப்பப்பட்டால், நோயால் அனுப்பப்பட்டவர்கள் 120 பேர். மலேரியாவைத் தடுக்கும் மெப்பாக்ரின் மாத்திரை கையில் இருந்தும், ஆண்மை போய்விடும் என்ற வதந்தியை நம்பிச் சிப்பாய்கள் பலர் அதை விழுங்கவில்லை. ஸ்லிம் திடீர்ச் சோதனைகள் வைத்தார். நூற்றுக்கு 95 பேருக்குக் குறைவானவர்களே மாத்திரை உட்கொண்டிருந்தால், அவர் பதவியிலிருந்து நீக்கியது சிப்பாயை அன்று, பிரிவின் தலைவரையே. மூன்று பேரை நீக்கியதற்குள் மற்றவர்களுக்குச் செய்தி எட்டிவிட்டது. முன்னேர் கோணினால் பின்னேரை அடித்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

லீவைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எதிரே இருக்கும் சுபேதார்கள் மூவரும் என்மேல் சண்டைக்கு வருவார்கள். ஆகவே பெயருக்கு வருகிறேன்.

நான் பனிமலைக் காவல்நிலை ஒன்றில் இருந்தபோது வடநாட்டு மேஜர் ஒருவர் எங்களுக்குக் கம்பெனி கமாண்டராக வந்தார். பசு ஈனும் நாள் நெருங்கிவிட்டது, அம்மா தனியாக இருக்கிறார் என்று எழுதி நான் பத்து நாள் லீவு கேட்டிருந்தேன். பனியால் பாதை மூடியிருந்தது, லீவு கிடைக்கவில்லை. ஒரு மாதம் கழித்து, நள்ளிரவில் நானும் ஒரு மதுரைக்காரரும் காவல் நிற்கையில் இருளில் காலடி ஓசை கேட்டது. "தம்! கௌன் ஆத்தா ஹை?" (நில்! யார் வருவது?) என்று அதட்டினேன். அடையாளச் சொல்லைச் சொல்லிக்கொண்டு அருகில் வந்தவர் அந்த மேஜர். எங்களிடமே கற்றுக்கொண்ட தமிழில், "லட்சுமி எப்படி? பிள்ளை ஆச்சா?" என்று கேட்டார். "ஆச்சு சாப், பொட்டைப் பிள்ளை" என்றேன். என் கடிதத்தில் ஒரே ஒரு முறை வந்த பசுவின் பெயர்தான் லட்சுமி. மதுரைக்காரருக்கு அது பசு என்று தெரியாது. விடியும் முன் படைச் சமையற்கூடமான லங்கருக்குச் செய்தி போய், காலையில் பெரிய சட்டி நிறைய அல்வா கிண்டிவிட்டார்கள். நாற்பது பேர் வரிசையாக வந்து, கல்யாணமே ஆகாத என் கையைக் குலுக்கினார்கள். மேஜரும் வந்து அல்வா தின்றுவிட்டு, "கன்றுக்குட்டிக்கும் கொஞ்சம் அனுப்பு" என்றார். அதன்பின் அவர் எந்தச் சரிவில் இறங்கச் சொன்னாலும் ஏன் என்று நான் கேட்டதில்லை. அவர் முதலில் இறங்கிவிடுவார் என்பதும் ஒரு காரணம்.

பெயரின் அருமை நம் முன்னோருக்கும் தெரியும். செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் நடுகல்லைப் பாருங்கள். மகேந்திரவர்மன் காலத்துக் கல் அது. சண்டையில் மாண்ட வீரனோடு நிற்கும் நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்தது என்றும் அதில் பொறித்திருக்கிறார்கள். நாய்க்கும் பெயர் இருக்கிறது. ஆனால் வேலூர் மணிக்கூண்டுப் பலகை என்ன சொல்கிறது? 1914 முதல் 1918 வரை நடந்த பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர், 14 பேர் உயிர் கொடுத்தனர் என்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. கர்னல் ஐயா மன்னிக்க வேண்டும், எங்கே சுற்றினாலும் நான் இந்தப் பலகையிடம்தான் வந்து நிற்பேன் என்று அவருக்கு முன்பே தெரியும். செத்தபின் தன்னை எண்ணாக மாற்றிவிடுவார்கள் என்று தெரிந்த சிப்பாயிடம், உன்னை நான் மறக்கமாட்டேன் என்று எந்தத் தலைவன் சொல்லி என்ன பயன்? முன்னேர் ஓட்டியவர்களின் பெயரை அழித்துவிட்டு, இன்று படையில் சேரும் பிள்ளைகளிடம் எந்த வழியைக் காட்டுவோம்?

ஆகையால் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பாட்டன், பூட்டன் வாங்கிய பதக்கங்கள் இருக்கலாம். வெள்ளி என்பதால் அடகுக்கடைக்குப் போனவை எத்தனையோ. தப்பியவற்றின் விளிம்பைத் தேய்க்காமல் பாருங்கள். எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். சாப்பாட்டுப் பந்திக்கு இடப்புறம் மேசை போட்டு, பூதக்கண்ணாடியும் நோட்டுப் புத்தகமுமாக மாலை வரை உட்கார்ந்திருப்பேன். கொண்டுவராதவர்கள் முகவரி எழுதிக் கொடுங்கள், நானே வீட்டுக்கு வருகிறேன்.