'சேவைக்குத் தயார்' என்ற கணக்கும் இன்று எரிகிற பச்சை விளக்கும்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நேயர்களுக்கு வணக்கம்.

பென்னாகரம் கடைத்தெருவிலோ தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்திலோ நின்று போனுக்கு ரீசார்ஜ் செய்கிறோம். அப்படிச் சேரும் வருமானத்தில் 5 சதவீதத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் ஒரு நிதிக்குக் கட்டுகின்றன. அதற்கு இப்போது டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயர். ஊராட்சி அலுவலகம் வரைக்கும் கண்ணாடி இழை கேபிள் இழுக்கும் பாரத்நெட் திட்டத்துக்குப் பணம் அங்கிருந்துதான் போகிறது. ஆகவே அந்தத் திட்டம் ஏன் தாமதம் என்று கேட்க, ரீசார்ஜ் செய்கிற ஒவ்வொருவருக்கும் உரிமை இருக்கிறது. நமக்காக அதைக் கேட்க வேண்டிய இடம் நாடாளுமன்றம்.

தேதிகளை மட்டும் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தபோது, இரண்டு ஆண்டுகளில் இரண்டரை லட்சம் ஊராட்சிகள் என்று திட்டம். முதல் ஒரு லட்சம் முடிந்ததே 2017 டிசம்பரில்தான். மிச்சத்துக்கு 2019 மார்ச் என்று கெடு வைத்தார்கள். அது 2021 ஆகஸ்ட் ஆனது, பிறகு 2025 ஆனது. நடுவில் 16 மாநிலங்களுக்குத் தனியார் பங்கேற்போடு டெண்டர் விட்டார்கள். எடுக்க ஆள் வரவில்லை. 2023 ஆகஸ்டில் 1,39,579 கோடி ரூபாய்க்குத் திருத்திய திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் இந்த வேலை மாநில அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. 2020 ஜூனில் முதல் டெண்டரை ரத்து செய்து மறுபடியும் விடச் சொன்னது மத்திய அரசு. அதிலும் காலம் போனது.

இதைத் துருவிக் கேட்பது தகவல்தொடர்பு மற்றும் தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு. மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். ஆண்டுதோறும் பட்ஜெட்டுக்குப் பிறகு, துறை கேட்கும் பணத்தை, அதாவது மானியக் கோரிக்கைகளைப் பார்க்கும்போது துறைச் செயலரையே அழைத்து உட்கார வைத்துக் கேட்பார்கள். அங்கே மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள்: முதலில் ஒதுக்கிய தொகை, பாதி ஆண்டில் திருத்திய தொகை, கடைசியில் செலவான தொகை. தாமதம் முதலில் தெரிவது அங்கேதான். குழியே தோண்டாதபோது பணம் எப்படிச் செலவாகும்?

குழு அறிக்கை கொடுத்தால் மூன்று மாதத்துக்குள் அரசு பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில்களைத் தரம் பிரித்து இன்னொரு அறிக்கை வரும். அதில் நான்காம் அத்தியாயத்தை மட்டும் படித்தாலும் போதும். அரசு சொன்ன பதிலைக் குழு ஏற்காமல் 'திரும்பவும் வலியுறுத்துகிறோம்' என்று எழுதுகிற இடம் அது.

இப்போது 'சேவைக்குத் தயார்' என்ற சொல்லுக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துத்தான் பேச வேண்டும். 2025 தொடக்கத்தில் 2.14 லட்சம் ஊராட்சிகள் சேவைக்குத் தயார் என்று அரசு கணக்குக் கொடுத்தது. தயார் என்றால் கேபிள் வந்து, பெட்டி மாட்டி, ஒரு நாள் சோதித்துப் பார்த்தாயிற்று என்று பொருள். இன்று காலை அந்தப் பெட்டி ஓடுகிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் கிடையாது. ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்க் குழாய் ஊருக்கு வந்துவிட்டது என்பதும், இன்றைக்குத் தண்ணீர் வந்தது என்பதும் ஒன்றா? அப்படித்தான் இதுவும்.

ஓடிய பெட்டி ஏன் நிற்கிறது? முதல் கட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து பாதி வழிக்கு, ஏற்கெனவே பூமிக்குள் கிடந்த பழைய கேபிளையே பயன்படுத்தினார்கள். அங்கிருந்து ஊருக்குத்தான் புதுசு. கிணற்றுக் கயிற்றில் பாதி பழசு, பாதி புதுசு என்றால் எங்கே அறும் என்று நமக்குத் தெரியும். இழைக்குள் தகவலைச் சுமந்து போவது வெளிச்சம்தான்; நல்ல இழையிலேயே 12 கிலோமீட்டர் போவதற்குள் அது பாதியாகிவிடும். பழைய இழையில், ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டதில், இன்னும் சீக்கிரம் குறையும். ஒளி ஓடுகிற மையத்தின் பருமன் 9 மைக்ரான்தான், தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. இணைக்கும் முனையில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும், ஊருக்கே இணையம் இல்லை.

தமிழ்நாட்டில் பெரும்பகுதி கேபிள் மின்கம்பங்கள் வழியாகப் போகிறது. வேலை சீக்கிரம் நடக்கும், அது உண்மை. ஆனால் வைக்கோல் ஏற்றிய டிராக்டர் உரசும், மாங்கிளை முறிந்து விழும், கம்பம் மாற்றுகிறவர்கள் சுருட்டிக் கட்டிவிட்டுப் போவார்கள். மண்ணுக்குள் போகிற பகுதியை ஜேசிபி அறுக்கிறது. அஞ்செட்டி, தளி பக்கம் என்றால் வனத்துறை அனுமதியும் சேர்ந்துகொள்கிறது. அறுந்த இழையை முறுக்கி ஒட்ட முடியாது; உருக்கி ஒட்டுகிற கருவியோடு பழகிய ஆள் வர வேண்டும். அவர் வர எத்தனை நாள் ஆகிறது? குழு கேட்க வேண்டிய கேள்வி இதுதான். திருத்திய திட்டம் இரண்டு பக்கமும் வழியுள்ள வளையமாகக் கேபிளை இழுக்கிறது, பத்து ஆண்டுப் பராமரிப்பையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்திருக்கிறது. நல்ல மாற்றம். அந்தப் பராமரிப்பு நடக்கிறதா என்பதை, இன்று ஓடுகிற ஊராட்சிகளின் எண்ணிக்கையை வைத்துத்தான் அளக்க வேண்டும். தயார் ஆனவற்றின் எண்ணிக்கை அதற்கு உதவாது.

நேரம் நெருங்கிவிட்டது. நாம் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் ஊராட்சி அலுவலகத்திலோ சேவை மையக் கட்டடத்திலோ ரேக், அதாவது இந்தக் கருவிகளை மாட்டிய அடுக்கு, இருக்கும். ஊராட்சிச் செயலரைக் கூட வைத்துக்கொண்டு பாருங்கள்: யூபிஎஸ் ஓடுகிறதா, ரவுட்டரில் கேபிள் நுழைகிற இடத்தில் விளக்கு எரிகிறதா, அங்கிருந்து கணினி வரைக்கும் வயர் போகிறதா. தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. ஏதாவது ஒன்றில் தீர்மானமாகப் பதியச் சொல்லுங்கள். தருமபுரியில் 251 ஊராட்சி, கிருஷ்ணகிரியில் 333. ஒன்றியம் வாரியாக இன்று எத்தனை ஓடுகிறது, அறுந்தவை எத்தனை நாளில் சரியாயின என்று மக்களவையில் கேட்கச் சொல்லி, தீர்மான நகலோடு உங்கள் எம்.பி. அலுவலகத்தில் கொடுங்கள். கேள்விக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், ஆகவே கூட்டத்தொடர் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நட்சத்திரக் கேள்வியாகக் கேட்டால் அமைச்சர் எழுந்து பதில் சொல்வார், துணைக்கேள்வியும் கேட்கலாம். அந்தத் துணைக்கேள்விக்கு, விளக்கு எரியாத ஊராட்சிகளின் பட்டியல் எம்.பி. கையில் இருக்க வேண்டும். நன்றி, வணக்கம்.